சுரங்கப் பொறியாளரின் தொடர்கல்வி: பொறுப்பு யாருடையது, கேட்கும் வழி எது

இந்தியாவில் சுரங்க மேலாளராகப் பொறுப்பேற்கும் பொறியாளர், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் நடத்தும் தேர்வில் தேறித் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பெறுவது கடினம். பெற்றபின் மறுதேர்வு எழுதிப் புதுப்பிக்க வேண்டியதில்லை. 30 வயதில் எழுதிய தேர்வு 55 வயதிலும் செல்லும். அதற்குள் சுரங்கம் ஆழமாகிவிடுகிறது, இயந்திரங்கள் பெரிதாகின்றன, சரிவைக் கண்காணிக்க ரேடார் வருகிறது. 1957இன் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளின் இடத்தில் 2017இன் ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மௌரா வட்டாரம் சாட்சி. 1975இல் அங்குள்ள கியாங்கா சுரங்கத்தில் நிலக்கரி தானாகச் சூடேறியதால் நேர்ந்த வெடிப்பு 13 பேரைக் கொன்றது. 1986இல் மௌரா 4ஆம் எண் சுரங்கத்தில் 12 பேர் இறந்தனர். 1994 ஆகஸ்ட் 7 இரவு 2ஆம் எண் சுரங்கம் வெடித்து 11 பேர் பலியாயினர். அங்கும் நிலக்கரி தானாகச் சூடேறிக்கொண்டிருந்த பகுதி ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. அடைத்த பகுதிக்குள் மீத்தேன் சேர்ந்து, வெடிக்கக்கூடிய 5 முதல் 15 சதவீத அளவைக் கடந்தே தீரும். அந்த நேரத்தில் உள்ளே ஆட்களை அனுப்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடின் ஒற்றை அளவீட்டை மட்டும் பார்க்காமல், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் உருவாகிறது, அது நாளுக்கு நாள் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1975இலேயே உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற இந்தப் பாடம், 1994இல் பொறுப்பிலிருந்தவர்களின் கையில் உயிரோடு இல்லை. சான்றிதழ்களை வாழ்நாளுக்கென வழங்கக் கூடாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியை மெய்ப்பிக்கச் செய்ய வேண்டும் என்று 1994 வெடிப்பு பற்றிய விசாரணை பரிந்துரைத்தது.

இந்தியாவில் 1966இன் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் தொழிலாளர்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது புத்தாக்கப் பயிற்சி தரச் சொல்கின்றன. பொறியாளரின் தொடர்கல்வியோ பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பத்தையும் பட்ஜெட்டையும் பொறுத்தே நடக்கிறது. உற்பத்தி இலக்கு நெருங்கும் மாதங்களில் முதலில் வெட்டப்படுவது பயிற்சி நாட்கள்தான். ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்கள் பலருக்கு அந்த நாட்களும் கிடையாது. ஜார்க்கண்டின் ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று மண் சரிந்து 23 பேர் இறந்தனர். சரிவின் விரிசலைப் படிப்பது ஒரு தனித் திறன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரைக் கையாள்வது இன்னொன்று. இரண்டையும் கல்லூரிப் பாடத்தோடு முடித்துக்கொள்ள முடியாது.

பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, 1952இன் சுரங்கச் சட்டத்தையும் தன்னுள் கொண்டது. பாதுகாப்புக்குத் தேவையான தகவலையும் பயிற்சியையும் தருவதை முதலாளியின் கடமையாக அது வைக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எதற்கும் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: இதில் 'ஊழியர்' என்ற வரையறை மேற்பார்வை, நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளர்களையும் சேர்த்தே பேசுகிறது. தொழிலாளர்களுக்கான உரிமை என்று பொறியாளர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் எழுந்தால், அவர் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். ஆபத்தில்லை என்று முதலாளி கருதினாலும் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்பியே ஆக வேண்டும். ஆய்வாளரின் முடிவே இறுதி.

பயிற்சி மறுக்கப்பட்டால் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். எந்த இயந்திரத்துக்கு, எந்த அபாயத்துக்குப் பயிற்சி இல்லை என்பதைக் குறிப்பிட்டுக் கேட்டால், 'பிறகு பார்க்கலாம்' என்ற பதிலோடு அதை முடித்துவிடுவது கடினம். கடிதத்தின் நகலும் முடித்த பயிற்சிகளின் சான்றுகளும் பொறியாளரின் சொந்தக் கோப்பில் இருக்கட்டும். விபத்து விசாரணையில் பொறுப்பு தனிமனிதர் மேல் விழும்போது, கேட்டும் தரப்படவில்லை என்பதை அந்தத் தாள்களே காட்டும். அடுத்த படி சுரங்கத்தின் பாதுகாப்புக் குழு. அங்கும் தீராவிட்டால் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் மண்டல அலுவலகம். பொதுத்துறைச் சுரங்கமானால், பயிற்சித் திட்டத்தையும் அதற்கான செலவையும் 2005இன் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு.