தையல் போட்ட காலோடு சேற்றில் இறங்கலாமா?

"வரப்பு அண்டை வெட்டும்போது என் கணவருக்கு மண்வெட்டி புறங்காலில் பட்டுவிட்டது. காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். ஐந்து நாள் ஆகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றும் தயார். பாலித்தீன் பையைக் காலில் கட்டிக்கொண்டு சேடைக்கு இறங்குகிறேன் என்கிறார். இறங்கலாமா?"
– ஒரு வாசகி, குரும்பகரம்

இறங்கக் கூடாது. இதைத் தொலைபேசியிலேயே அவருக்குச் சொல்லிவிட்டேன். இந்த இதழ் கைக்கு வரும்போது தையலே பிரித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உழவர் கூட்டங்களில் கட்டுப் போட்ட கால்களையும் விரல்களையும் பார்க்கிறேன். நடவுக்கு மண்வெட்டி, அறுவடைக்குக் கருக்கரிவாள். நான் பயிருக்கு மருந்து சொல்பவன், மனிதருக்கு அல்ல. மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை நம் வயல் வேலையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் காயத்தைப் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்தான் முடிவு.

கடைமடைக்காரர்களின் அவசரம் எனக்குத் தெரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் தலைமடையெல்லாம் பாய்ந்து நம் பக்கம் வருவதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். வந்த தண்ணீரை விட்டுவிட்டு யார் திண்ணையில் உட்காருவார்? அதனால்தான் "ஓய்வெடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாள், எதற்காக என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மா ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒட்டுக்குச்சியும் வேர்ச்செடியும் சேரும் வரை நாடா பிடித்துக்கொள்கிறது. சேர்த்து வைப்பது நாடா அல்ல, உள்ளே வளரும் திசு. தையல் நூலும் அப்படித்தான். நூல் தோலின் இரு விளிம்புகளையும் நெருக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மேல்தோல் ஓரிரு நாளில் மூடத் தொடங்கிவிடும். அடியில் பலம் ஏறுவதற்குத்தான் காலம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் அந்த இடத்துக்கு இருக்கும் பலம் பழைய தோலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மூன்று மாதம் கழித்தும் நூற்றுக்கு எண்பது அளவே. பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.

இப்போது பாலித்தீன் பைக்கு வருவோம். சேற்றில் நடப்பது ரோட்டில் நடப்பது போல அல்ல. ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்து இழுக்கும், கணுக்கால் மடங்கும், புறங்கால் தோல் இழுபடும். ஐந்தாம் நாள் தையல் அந்த இழுப்பைத் தாங்காது. பைக்குள்ளே அரை மணி நேரத்தில் வேர்வை தேங்கித் தோல் ஊறிவிடும். ஒரு தாள் குத்தினால் போதும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். அதன் பிறகு அந்தப் பை சேற்றை வெளியே நிறுத்தாது, காயத்தோடு சேர்த்துக் கட்டி வைக்கும். ரப்பர் பூட்சிலும் இதே கதைதான்.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது? முதலாவது டெட்டனஸ் கிருமி. மண்ணிலும் சாணத்திலும் பல வருடம் உறங்கிக் கிடக்கும். இந்தியாவில் தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் டெட்டனஸ் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதி செய்தார்கள். தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் வந்த வெற்றி அது, மண்ணிலிருந்து கிருமி போய்விடவில்லை. அடுத்தது எலிக் காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த வயல் நீர் வெட்டுக்காயம் வழியாக உடம்புக்குள் அதைக் கொண்டுபோகும். மூன்றாவது மெலியாய்டோசிஸ். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் இந்த நோய் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும்.

டெட்டனஸ் ஊசி பற்றி ஒரு வார்த்தை. மண், சாணம் பட்ட காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் போட்டிருப்பார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களில் ஒரு முறைகூட முழுமையாகப் போடாதவர்கள் இருக்கலாம். அவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடனடிப் பாதுகாப்புக்கு வேறோர் ஊசியும் தேவைப்படலாம். இப்போது போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. (மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பான் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வீட்டில் என்ன செய்வது?

முதல் இரண்டு நாள் கட்டு நனையக் கூடாது. அதன் பிறகு மருத்துவர் அனுமதித்தால், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து உலர்த்தலாம். "புண்ணுக்குத் தண்ணீரே ஆகாது" என்று பத்து நாள் அழுக்கோடு வைத்திருப்பதும் தவறு, குளத்தில் இறங்கி ஊறவைப்பதும் தவறு. கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். கொதித்து ஆறிய நீரால் நனைத்து எடுங்கள்.

கால் காயத்துக்குப் பெரிய வைத்தியம் காலை உயர்த்தி வைப்பது. திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது ஓய்வு ஆகாது. வீங்கினால் தையல் இறுகும், இரத்த ஓட்டம் குறையும். படுத்துக்கொண்டு இரண்டு தலையணை மேல் காலை வையுங்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் படுக்க வேண்டாம், ஈ மொய்க்கும்.

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, சாணிச் சாம்பல், மூக்குப்பொடி எதுவும் தையல் மேல் வேண்டாம். வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பெயரே அதன் பெருமையைச் சொல்கிறது, நானும் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வரப்பில் பறித்துக் கையால் கசக்கிப் பிழியும்போது சாறோடு வரப்பு மண்ணும் சேர்ந்தே இறங்குகிறது. தையல் போட்ட காயத்தில் அதை விடக் கூடாது.

சாப்பாட்டில் இன்னொரு வழக்கம். தையல் போட்டதும் முட்டை, மீன், கறி எல்லாம் "சீழ் வைக்கும்" என்று நிறுத்தி, ரசம் சாதம் மட்டும் கொடுக்கிறார்கள். புதுத் திசு கட்ட உடம்பு புரதத்தைத்தான் கேட்கிறது. வேறு நோய்க்காகப் பத்தியம் இல்லையென்றால் முட்டை, மீன், பருப்பு, கீரை, நெல்லி, கொய்யா எல்லாம் கொடுங்கள். பீடியை நிறுத்துங்கள், அது நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் இந்த நாட்களில் ஒரு முறையாவது அளவைப் பாருங்கள்.

தையல் பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும். முகத்துக்கு 5 நாள் போதும். தலைக்கும் கைக்கும் 7 முதல் 10. காலுக்கும் மூட்டுக்கும் 10 முதல் 14. முந்தினால் காயம் விரியும், மிகப் பிந்தினால் நூல் இருந்த இடம் புண்ணாகித் தழும்பு விழும். ஒட்டு நாடாவை அவிழ்க்க மறந்தால் தண்டை நெரிப்பது போலத்தான். வீட்டில் சவர பிளேடால் பிரிப்பவர்கள் உண்டு. நர்ஸ் வெட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டிய இடத்தில் வெட்டி உருவுவார். வெளியே அழுக்குப் பட்ட நூல் சதைக்குள் புகுந்து வரக் கூடாது என்பதற்காக. வீட்டில் இது கைவராது, துண்டு நூலும் உள்ளே தங்கிவிடும். தானாகக் கரையும் நூலால் உள்தையல் போட்டிருந்தால் சில வாரம் கழித்துச் சிறு நுனி வெளியே தெரியலாம். இழுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளில் லேசான வலி, வீக்கம் இயல்பு. அதன் பிறகு வலி கூடினாலோ, சிவப்புப் பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, தையல் விட்டுப்போனாலோ அன்றைக்கே போங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கலாம். தாடை இறுகி வாய் திறக்க முடியாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தையல் பிரித்த மறுநாளே சேறு வேண்டாம். கசிவு இல்லாமல் முழுதாக மூடிய பிறகு, இன்னும் ஒரு வாரமாவது விட்டு, மருத்துவரைக் கேட்டு இறங்குங்கள். அதுவரை உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது: விதை சுத்தம் செய்வது, கணக்கு எழுதுவது, ஆள் அழைப்பது. பூச்சிமருந்து கலக்கவோ தெளிக்கவோ கூடாது. கிழிந்த தோல் வழியே நஞ்சு வேகமாக உள்ளே போகும். உரத்தையும் கையால் அள்ள வேண்டாம். வாசகியின் வீட்டில் சேடையைப் பங்காளி வீட்டு டிராக்டரிலும், அண்டை வேலையை மாற்றாளிலும் முடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கால் ஆறியதும் அந்த வேலையைத் திருப்பிச் செய்து கொடுத்துவிடலாம்.

அதே கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வி: முள்கம்பியில் மடி கிழிந்த பசுவுக்கும் இதே கணக்கா? ஏறத்தாழ இதேதான். கால்நடை மருத்துவர் போட்ட தையலை 10 முதல் 14 நாளில் அவரே பிரிப்பார். உலர்ந்த தரையில் கட்டுங்கள், நக்கவிடாதீர்கள். ஈ வராமல் தையலைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம், தையல் மேல் வேண்டாம். ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் வேண்டாம்.