புல் எண்ணெயில் உள்ளது என்ன?

எலுமிச்சம்புல் பயிரிடும் அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்த தோட்டத்து எண்ணெய்க்கும் நம் எண்ணெய்க்கும் வாசனை ஒன்றுதானே? விலை மட்டும் ஏன் வேறுபடுகிறது?" கேள்வி நியாயமானதே. நூல் வாங்கும் நெசவாளர் கண்ணால் பார்த்த அளவில் திருப்தி அடைவதில்லை. எத்தனையாம் நம்பர் என்று விசாரித்தே வாங்குகிறார். வாசனை எண்ணெய்க்கும் அப்படி ஒரு நம்பர் இருக்கிறது. வாங்குபவர் அதனை அறிவார். விற்பவர் அறியாமலிருப்பதே நமக்கு நஷ்டம்.

செக்கில் ஆட்டிய எண்ணெய் வேறு, வாலையில் வடித்த எண்ணெய் வேறு. நல்லெண்ணெய் ஒரு சொட்டுக் காகிதத்தில் விழுந்தால் கறை நிற்கும். புதிதாக வடித்த புல் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். இவ்வெண்ணெய் தனி ஒரு பொருளன்று. பற்பல பொருள்களின் கலவை. அவற்றுள் ஒன்றோ இரண்டோ முதன்மையானவை. விலையை நிர்ணயிப்பவையும் அவையே.

எலுமிச்சம்புல், பாமரோசா, சிட்ரொனெல்லா ஆகிய மூன்றும் ஒரே புல்லினத்தைச் சேர்ந்தவை. பூவாத பருவத்தில் பார்த்தால் பழக்கமில்லாதவர் மயங்குவார். ஆயினும் எலுமிச்சம்புல் எண்ணெயில் முதன்மையானது சிட்ரல். நல்ல சரக்கில் 100-க்கு 70 முதல் 80 பங்கு வரை இருக்கும். பாமரோசா எண்ணெயில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் ஜெரானியால் இருக்கும். ஜாவா வகைச் சிட்ரொனெல்லாவில் சிட்ரொனெல்லால் முதலிடம் பெறும். ஜெரானியாலின் ஒரு மூலக்கூற்றில் கார்பன் அணுக்கள் 10, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 1. அதில் ஹைட்ரஜன் அணு இரண்டு குறைந்தால் சிட்ரல். ரோஜாவின் மணம் எலுமிச்சையின் மணமாகிவிடுகிறது! சிட்ரொனெல்லாலுக்கோ அணுக்கணக்கு ஜெரானியாலுக்கு உள்ளதேதான். அடுக்கில் மட்டுமே வேற்றுமை. ஒரே நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றிப் போட்டு வேறு துணி நெய்வதை அறிந்த நம் நெசவாளர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

சிட்ரல் சோப்புக்கு மணமூட்டுவதோடு நிற்பதன்று. 1893-இல் ஜெர்மனியில் டீமன், குரூகர் என்ற இருவர் சிட்ரலிலிருந்து ஐயோனோன் என்னும் பொருளைச் செய்து காட்டினர். வயலட் பூவின் மணம் அது. 1947-இல் ஸ்விட்சர்லாந்தில் ஐஸ்லரும் அவர் துணைவர்களும் ஐயோனோன் வழியாக வைட்டமின் 'ஏ'யை உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். கொச்சித் துறைமுகம் வழியே வெளியேறியதால் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர் பெற்ற சரக்குக்கு இதனால் மதிப்பு உயர்ந்தது. கேரளத்தில் ஓடக்காலியில் இப்புல்லுக்கென ஆராய்ச்சி நிலையம் 1951-இல் தோன்றியது. பிற்காலத்தில் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து செயற்கைச் சிட்ரல் மலிவாக வரலாயிற்று. இன்று நம் எண்ணெய் அதனோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. போட்டியில் நமக்குள்ள பலம், எண்ணெய் இயற்கையானது, கலப்பற்றது என்னும் நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் சிட்ரொனெல்லாக் கதையை நோக்கலாம்.

இலங்கையின் தென் மாகாணத்தில் இப்புல் பரவலாகப் பயிராயிற்று. அங்கே வகை இரண்டு. லேனபட்டு என்பது எளிதில் வளரும். எண்ணெயின் தரம் தாழ்ந்தது. மகாபெங்கிரி என்பது உயர்ந்தது. இந்த உயர்ந்த வகை ஜாவாவுக்குப் போய் அங்கே செழித்தது. இலங்கையில் மிஞ்சியது பெரும்பாலும் லேனபட்டே. அதுவாவது சுத்தமாக விற்கப்பட்டதா? இல்லை. மண்ணெண்ணெய் கலந்தார்கள். ஷிம்மல் என்ற ஜெர்மன் கம்பெனி ஒரு சோதனையை வகுத்தது. நூற்றுக்கு 80 பங்கு வலிமையுள்ள சாராயத்தில் நல்ல எண்ணெய் தெளிவாகக் கரையும். சாராயத்தைப் பத்து மடங்கு வரை கூட்டினாலும் துளிகள் பிரியா. மண்ணெண்ணெய் மிகுந்தால் கலங்கிப் பிரியும். சோதனை வந்ததும் கலப்படம் நின்றதா என்றால், அதுதான் வேடிக்கை: சோதனையில் தேறும் அளவுக்கு எவ்வளவு கலக்கலாம் என்று கணக்கிட்டுக் கலக்கலாயினர்! கலப்பவனுக்கு லாபம் சில காசு. பழி தீவின் சரக்கு முழுவதற்கும் வந்தது. சந்தை ஜாவா எண்ணெயை நாடிற்று.

கூட்டுறவு முறையில் இந்த அபாயம் இன்னும் அதிகம் என்பதைச் சொல்லாமல் இருக்கலாகாது. இருபது பேர் கொண்டுவரும் எண்ணெயை ஒரே பீப்பாயில் ஊற்றுகிறோம். ஒரு டின்னில் மண்ணெண்ணெய் இருந்தால் இருபது பேருடைய சரக்கும் கெட்டது. ஆகையால் டின்னைப் பீப்பாயில் கவிழ்க்கும் முன்னரே சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய சாலை எதுவும் வேண்டுவதில்லை. நீண்ட கழுத்தில் அளவுக்கோடுகள் இட்ட குடுவை ஒன்று போதும். 10 மில்லி லிட்டர் எண்ணெயை அதில் விட்டு, செறிவான சோடியம் பைசல்பைட் கரைசலைச் சேர்த்து, வெந்நீரில் வைத்து நன்கு குலுக்க வேண்டும். முதலில் வெண்மையாகக் கட்டும்; சூட்டில் கரையும். சிட்ரல் கரைசலோடு போய்விட, மற்றவை மேலே மிதக்கும். கரைசலை மேலும் விட்டு மிதப்பதைக் கழுத்துக்கு ஏற்றினால் கோட்டைப் படிக்கலாம். 2.5 மில்லி லிட்டர் மிஞ்சினால் சிட்ரல் 100-க்கு 75 என்று கணக்கு. அதுவே நாம் தேடிய நம்பர்.

செயற்கைச் சிட்ரலைக் கலந்தவனை இக்குடுவை பிடிக்காது என்பதும் உண்மை. அதற்குக் காஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவி வேண்டும். அது எண்ணெயின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைந்து காட்டுவதால், கூடவே வரவேண்டிய சிறு பொருள்கள் குறைந்திருப்பது தெரிந்துவிடும். பீப்பாய் ஒன்றுக்கு ஒரு மாதிரி அனுப்பினால் போதுமானது.

கலப்படம் செய்யாதவரும் அசட்டையால் சிட்ரலை இழப்பதுண்டு. காற்றும் வெளிச்சமும் பட்டால் சிட்ரல் கெடும். துருப்பிடித்த டின்னில் எண்ணெய் கருக்கும். நீரை அறவே பிரித்து, அலுமினியப் பாத்திரத்திலோ பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலோ கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு வாலையில் ஏற்றினால் விறகு மிச்சமாகும். ஈரத்தோடு குவித்து வைத்தால் புழுங்கிக் கெடும். 1,000 கிலோ பசும்புல்லுக்குக் கிடைப்பது சுமார் 2 முதல் 4 கிலோ எண்ணெய்தான். டின்னைச் சங்கத்திற்குக் கொண்டுவருவோர் வடித்த தேதியை அதன்மேல் எழுதிக் கொண்டுவருவார்களாயின், குறை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது எளிதாகும்.