படைப்புழுவும் 36 மணி நேரமும்

மக்காச்சோளக் குருத்தை விரித்தால் நனைந்த மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்துக் கிடக்கும். கிளறினால் புழு. தலையில் கவட்டைக் கம்பைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு வெளிர்க்கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். 2018-ல் விருதுநகர் மாவட்டத்து மானாவாரிச் சம்சாரிகளைக் கலங்கடித்த படைப்புழு இதுதான்.

பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது, 2018 மே மாதம் கர்நாடகத்தில். அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கும்.

புழு வந்த வழியில் அறிவும் வரலாம். ஆப்பிரிக்காவுக்காக பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து 'நுரு' என்ற செயலியை உருவாக்கின. ஸ்வாஹிலி மொழியில் ஒளி என்று பொருள். மரவள்ளி இலையை கேமரா முன் காட்டினால் நோயைச் சொல்லும். பிறகு படைப்புழுச் சேதத்தையும் கற்றுக்கொண்டது. இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்பதுதான் அதன் பெரிய பலம். மலையடிவாரத் தோப்புக்குள் செல்போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடியவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

இதுபோன்ற யோசனைகளுக்குப் பயிற்சிக் களம்தான் ஹேக்கத்தான் என்ற போட்டி. 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' மென்பொருள் போட்டி என்றால் ஆறு பேர் கொண்ட அணி, ஒரு சிக்கல், 36 மணி நேரம். 2020-ல் கொரோனாவால் அது முழுக்க இணையவழிக்கு மாறியது. 243 சிக்கல்களோடு 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் மல்லுக்கட்டினார்கள். பண்ணை இயந்திரங்களுக்கென்றே, குறிப்பாகப் பெண்களுக்கு ஏற்ற கருவிகளுக்காக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டு 'கிருதக்யா' போட்டியை நடத்தியது. பயணச் செலவு மிச்சம் என்பதால் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இணையவழிப் போட்டி நல்ல வாய்ப்பு. ஆனால் திரைக்குள்ளேயே முடிந்துபோனால் குருத்துக்குள் யாரும் கையை விட மாட்டார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் வேளாண்மையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ராஜபாளையத்தில் 2013-ல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சிக்கலுக்கும் பஞ்சமில்லை: மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் யானை, வெள்ளாமையில் காட்டுப்பன்றி, மக்காச்சோளத்தில் படைப்புழு.

படம் பிடித்துப் பூச்சியின் பெயர் சொல்லும் இன்னொரு செயலி இங்கே தேவைப்படாது. பெயர் சம்சாரிக்கே தெரியும். மருந்து அடிக்கலாமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு 2018-ல் வெளியிட்ட 'ஃபேம்யூஸ்' செயலி அதைத்தான் கேட்கிறது: வயலில் ஐந்து இடங்களில் பத்துப் பத்துச் செடி பாருங்கள், எத்தனையில் சேதம்? இனக்கவர்ச்சிப் பொறியில் எத்தனை அந்துப்பூச்சி?

கணினி மாணவர் ஒருவர் விதைப்பிலிருந்து கதிர் பிடிக்கும்வரை அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு போட்டிக்குப் போனால், 36 மணி நேரம் தாராளம்.