கையால் வரைந்த லோகோவுக்கு எந்த சாஃப்ட்வேர்?

வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒண்ணு இருந்தால் போதும். பிரிண்டர் ஓடலைன்னாலும் நம்மகிட்டதான் வருவாங்க, புதுசா ஆரம்பிக்கிற கடைக்கு லோகோ வேணும்னாலும் நம்மகிட்டதான். "படம் நானே வரைஞ்சுட்டேன்பா, நீ கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடு." அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும்: கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் படம், ஓரத்தில் போன் பிடித்த கையின் நிழல்.

உடனே நம்ம கை போவது போட்டோஷாப் பக்கம். கொஞ்சம் நில்லுங்க. போட்டோஷாப், ஜிம்ப் இரண்டுமே படத்தைப் பிக்ஸல்களாக வைத்து வேலை செய்பவை. 2 அங்குல லோகோவை 300 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணினால் அகலத்துக்கு 600 பிக்ஸல் கிடைக்கும். விசிட்டிங் கார்டுக்கு அது தாராளம். அதையே கடை வாசலில் 10 அடி பேனராகப் போட்டால்? 120 அங்குலத்துக்கும் அதே 600 பிக்ஸல்தான். அங்குலத்துக்கு 5, அதாவது ஒவ்வொரு பிக்ஸலும் 5 மில்லிமீட்டர் கட்டம். எழுத்தெல்லாம் ஒன்று படிக்கட்டாகும், இல்லைன்னா மசமசன்னு தெரியும்.

அதனால் நமக்கு வேண்டியது வெக்டர் சாஃப்ட்வேர். இதில் ஒரு வளைவு என்பது பிக்ஸல் கூட்டம் இல்லை, சமன்பாடு. இரண்டு முனைகள், வளைவை இழுக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அவ்ளோதான். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணக்கு திரும்பப் போடப்படும், ஓரம் கூர்மையாகவே இருக்கும். இந்த வளைவு கார் கம்பெனிகளில் பிறந்தது என்பது மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பிடிக்கும்: சிட்ரோயனில் பால் டி காஸ்தெல்ஜோ 1959-லேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார், ஆனால் பெயர் கிடைத்தது அதைப் பிரபலப்படுத்திய ரெனோ இன்ஜினியர் பியர் பெசியேவுக்கு.

வெக்டரில் மூன்று பெயர்கள்தான் அடிக்கடி காதில் விழும். இல்லஸ்ட்ரேட்டர் அருமையானது, ஆனால் சந்தா கட்டணும். டிசைன் துறைக்கே போகப் போறீங்கன்னா கத்துக்குங்க. கோரல்டிராவை நம்ம ஊர் பிரஸ்களில் நிறைய பார்க்கலாம். ஒரே ஒரு லோகோவுக்காக இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. கிராக் போட்ட காப்பியில் இன்னொருத்தர் வியாபாரத்துக்கு வேலை செய்து கொடுப்பதும் சரியில்லை. என் ஓட்டு இன்க்ஸ்கேப்புக்கு. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.

என் ரூம்மேட்டின் அம்மா வீட்டிலேயே இட்லிப்பொடி அரைத்து விற்கிறார். லோகோ அவரே வரைந்தது, ஓர் உரலும் உலக்கையும். ரூம்மேட் போட்டோவை இன்க்ஸ்கேப்பில் போட்டு, பாத் மெனுவில் ட்ரேஸ் பிட்மேப் கொடுத்தான். ஒரு நொடியில் வெக்டர் ரெடி! கிட்டப் போய்ப் பார்த்தால் பென்சில் பிசிறு, தாளின் நீலக் கோடு, நிழல் எல்லாமே நூற்றுக்கணக்கான முனைகளாக மாறியிருந்தன. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினின் கத்தி ஒவ்வொரு முனையையும் தொட்டுத்தான் போகும். ஓரம் ரம்பம் மாதிரி வந்திருக்கும், ஸ்டிக்கருக்கு அந்த அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து வைத்த காசும் போயிருக்கும்.

ஆட்டோ ட்ரேஸ் வேலை செய்யணும்னா தாள் ஒத்துழைக்கணும். வெள்ளைத் தாளை மேலே வைத்துக் கறுப்புப் பேனாவால் அழுத்தமாக நகலெடுத்து, ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ ஸ்கேன் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. போனை நம்பினால் கோணம் சாய்ந்துவிடும். மீதிப் பாதி கைவேலை: ஸ்கேனை அடியில் ஒரு லேயரில் பூட்டிவிட்டு, மேலே பென் டூலால் திரும்ப வரைவது. வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் முனை வையுங்க. முழு வட்டத்துக்கே 4 முனை போதும். அந்த உரல் முழுவதும் 30-க்குள் முடிந்தது.

அதிலும் ஒரு விஷயம். உரலின் வாய் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ரூம்மேட் அதை அளவெடுத்த நீள்வட்டமாக மாற்றிக் காட்டினான். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நம்ம உரல் இல்லையேடா" என்றார். கை நடுக்கத்தில் வந்த கோணலை நீக்கலாம். வரைந்தவர் கண்டு வரைந்த கோணலை நீக்கக் கூடாது. எது எது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்க.

பெயரை டைப் செய்து முடித்ததும் ஒரு நகலை அப்படியே வைத்துவிட்டு, இன்னொன்றில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தையும் வளைவாக்கிடுங்க. பிரஸ்ஸில் உங்க ஃபான்ட் இல்லைன்னா 'பொடி'யின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். ரப்பர் ஸ்டாம்புக்கும் ஒற்றை நிறப் பைக்கும் உதவும்படி முதலில் கறுப்பு மட்டும் வைத்து முடிச்சுட்டு, அப்புறம் நிறம் சேருங்க. இன்க்ஸ்கேப் அடிப்படையில் ஆர்ஜிபி நிறத்தில் வேலை செய்வது. திரையில் பளிச்சிடும் பச்சை, நாலு மை அச்சில் மங்கும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் அடித்து வாங்கி, பாக்கெட் மேல் ஒட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்க. எஸ்விஜி, பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி மூன்றையும் அவங்க மெயிலுக்கே அனுப்பிடுங்க. அடுத்த ஆர்டர் வரும்போது உங்களுக்கு செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்.