வெள்ளை மையின் விலையும் பராமரிப்பும்

சில காலத்திற்கு முன், பெயர்ப்பலகை அச்சிடும் பிரிவு ஒன்றை நடத்திவரும் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். நெசவாளர் விற்பனை நிலையங்களுக்குப் பலகைகளும், தேன், எண்ணெய் முதலியவை அடைக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டுகளும் அச்சிடுவது அப்பிரிவின் வேலை. இருப்புப் புத்தகத்தின்படி அம்மாதம் இரண்டரை லிட்டர் வெள்ளை மை செலவாகியிருந்தது. அச்சான வேலைகளின் கணக்கோ ஒன்றரை லிட்டரைத்தான் காட்டியது. மீதி ஒரு லிட்டர் எங்கே போயிற்று? நிர்வாகக் குழுவினரின் ஐயம், இயந்திரத்தை இயக்கும் இளைஞர் மீது விழுந்திருந்தது. அவரிடம் விளக்கம் கோரும் கடிதமும் கையெழுத்துக்குத் தயாராயிருந்தது.

அவ்விளைஞரை அழைத்து, காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை என்ன என்று கேட்டேன். அவர் இயந்திரத்தின் அடியிலிருந்த கழிவு மைக் குப்பியை எடுத்துக் காட்டினார். காணாமற்போன வெள்ளை மை அங்கே இருந்தது. எவரும் அதை எடுத்துச் செல்லவில்லை. இயந்திரத்தைத் துப்புரவு செய்வதில் செலவாகியிருக்கிறது. அச்செலவை எழுதுவதற்குக் கணக்கில் ஓர் இனமே இல்லை. இனம் இல்லாமையால் ஒரு தொழிலாளியின் நற்பெயருக்குக் குறை நேர இருந்தது. சங்கத்திற்கோ மாதந்தோறும் நஷ்டம் நேர்ந்துகொண்டிருந்தது. இத்தகைய பிரிவு நடத்தும் சங்கங்களும், நடத்த எண்ணும் சங்கங்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

வெள்ளை மை எதற்கு?

வெள்ளைக் காகிதத்தில் அச்சிடும்போது வெள்ளை மை வேண்டுவதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே போதும். கறுப்பு தவிர மற்றவை ஒளி ஊடுருவும் தன்மையுடையவை; கீழேயுள்ள காகிதத்தின் வெண்மைதான் அவற்றை விளங்கச் செய்கிறது. கண்ணாடி, ஒளி புகும் அக்ரிலிக் பலகை, நிறமேற்றிய உலோகத் தகடு ஆகியவற்றில் அந்த வெண்மை இல்லை. ஆகவே முதலில் வெள்ளை மையால் ஒரு தளம் அமைத்து, அதன்மேல் மற்ற நிறங்களை அச்சிட வேண்டும். கருநிறச் சுவரில் வண்ணம் பூசுவோர் முதலில் வெள்ளை அடிப்பதை ஒத்தது இது.

ஏன் அடியில் தங்குகிறது?

இந்த வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் பொடி. இதற்கு மூலமான இல்மனைட் என்னும் கனிமம் நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடைக்கிறது. இப்பொடி ஒரே அளவு நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எடையுள்ளது. நிற மைகளின் துகள்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கைக்கூட எட்டுவதில்லை. மேலும், ஒளியை நன்கு சிதறடித்து அடித்தளத்தை மறைக்க வேண்டுமாயின், வெள்ளைத் துகள் சற்றுப் பருமனாக, ஒரு மில்லி மீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கவேண்டும். நிறத் துகள்கள் இதனினும் நுண்ணியவை.

திரவத்தில் ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் எடை மிகுதியையும், விட்டத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பது ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் கண்ட விதி. அதாவது, இரு மடங்கு விட்டமுள்ள துகள் நான்கு மடங்கு வேகமாக இறங்கும். எடையும் பருமனும் சேர்ந்திருப்பதால் வெள்ளை மை விரைவில் அடியில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பு அடிப்பவர் வாளியை அடிக்கடி கலக்குவது நாம் அறிந்ததே. கலக்காமற்போனால் மேலே தெளிந்த நீரும் கீழே சேறும் நிற்கும். அச்சு இயந்திரத்தில் அந்தச் சேறு, தலைமயிரினும் நுண்ணிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். 'ஹெட்' என்று தொழிலாளர் கூறும் அப்பாகமே இயந்திரத்தில் விலையுயர்ந்த உறுப்புகளுள் ஒன்று.

அன்றாடப் பராமரிப்பு

1. வெள்ளை மையை ஊற்றுமுன் புட்டியை மெதுவாகப் புரட்டிக் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை எழும். காற்றுக் குமிழி துளையில் சென்றால் அச்சு விட்டுப்போகும்.

2. தினந்தோறும் வேலை தொடங்குமுன் துளைச் சோதனை அச்சு எடுக்க வேண்டும். இதனைக் கறுப்புத் தாளிலோ ஒளி புகும் தாளிலோ எடுத்தல் வேண்டும். வெள்ளைத் தாளில் எடுத்தால் குறை கண்ணுக்குத் தெரியாது.

3. மையைச் சுழற்றும் பம்பு உள்ள இயந்திரமாயின், இரவிலும் விடுமுறையிலும் மின்சாரத்தை அடியோடு நிறுத்தலாகாது. மின்தடை மிகுந்த ஊர்களில் அப்பம்புக்கு யு.பி.எஸ். இணைப்பு அவசியம்.

4. மாலையில் மூடியையும், துடைக்கும் ரப்பர் பட்டையையும் சுத்தம் செய்ய வேண்டும். துளைகளை ஊசியாலோ முரட்டுத் துணியாலோ தொடவே கூடாது.

5. பல நாட்கள் வேலை இராதெனின், வெள்ளை மை செல்லும் வழியை இயந்திரம் செய்தோர் கூறியுள்ள சுத்திகரிப்புத் திரவத்தால் கழுவி வைக்க வேண்டும்.

6. முன் வந்த புட்டியை முன் செலவிட வேண்டும். காலாவதித் தேதி கடந்த மை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

7. கையுறை அணிந்தே மையைக் கையாள வேண்டும். கழிவு மையைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

விலை நிர்ணயம்

மேற்கண்ட வேலைகளில் ஒவ்வொன்றும் மையையோ திரவத்தையோ உட்கொள்கிறது. இச்செலவு பெரும்பாலும் நாட்களைப் பொறுத்தது; அச்சிடும் பரப்பைப் பொறுத்ததன்று. உழாத நாளிலும் காளைக்குத் தீனி வைத்தாக வேண்டும் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

விலைகள் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். கணக்கு விளங்கும்பொருட்டுச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளை மை லிட்டர் ரூ. 4,000, ஒரு சதுர அடிக்கு 1.5 மி.லி. செலவாகிறது, மாதம் 1,000 சதுர அடி வேலை நடக்கிறது எனக் கொள்வோம். அச்சில் ஏறிய மையின் விலை சதுர அடிக்கு ரூ. 6. மேற்கூறிய சங்கம் இதனுடன் ரூ. 2 சேர்த்து ரூ. 8 வாங்கிவந்தது, ரூ. 2 லாபம் என்று எண்ணியிருந்தது.

இனி நிலைச் செலவைப் பார்ப்போம். துப்புரவில் போகும் மை ஒரு லிட்டர் ரூ. 4,000; சுத்திகரிப்புத் திரவம், வடிகட்டி முதலியவை ரூ. 1,000. ரூ. 1,20,000 விலையுள்ள ஹெட் 24 மாதம் உழைக்கும் என்று கொண்டால், அதற்காக மாதம் ஒதுக்க வேண்டியது ரூ. 5,000. ஆக ரூ. 10,000. இதனை 1,000 சதுர அடிக்குப் பங்கிட்டால் அடிக்கு ரூ. 10. உண்மை அடக்கம் ரூ. 16 ஆகிறது. கூலி, மின்சாரம், வெள்ளைத் தளத்தால் கூடும் இயந்திர நேரம் ஆகியவை இதில் சேரவில்லை. ரூ. 8க்கு விற்றதால் சதுர அடிக்கு ரூ. 8 வீதம் மாதம் ரூ. 8,000, ஆண்டுக்கு ரூ. 96,000 நஷ்டம். இது அங்கத்தினர்களின் பங்கு ஈவிலிருந்து கழியும் பணமே.

வேலை குறைந்தால் அடக்கம் ஏறும். மாதம் 500 சதுர அடியானால் அடிக்கு ரூ. 26; 200 ஆனால் ரூ. 56, 2,000 ஆனால் ரூ. 11 மட்டுமே. ஆகவே ஒரு மாதத்து வேலையை மட்டும் பார்த்து விலை வைக்காமல், ஓராண்டுச் சராசரியைக் கொண்டு வைத்தல் வேண்டும். சிறு வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் விதிக்க வேண்டும். வெறும் எழுத்துகள் மட்டும் உள்ள கண்ணாடிக் கதவுக்கு, வெட்டி ஒட்டும் வெள்ளை வினைல் எழுத்தே போதும் என்று வாடிக்கைக்காரரிடம் கூறிவிடுதல் நேர்மையுமாகும், சிக்கனமுமாகும்.

செய்ய வேண்டுவன

வெள்ளை மைக்கென ஒரு தனிப் பதிவேடு வேண்டும். வாங்கியது, அச்சில் ஏறியது, துப்புரவில் போனது, இருப்பு என நான்கு பத்திகள் போதும். நாள்தோறும் இயக்குபவரும், வாரந்தோறும் காரியதரிசியும் கையொப்பமிட வேண்டும். துப்புரவுச் செலவு திடீரென ஏறினால், ஹெட் பழுதாகும் முன்னரே அப்பதிவேடு அதனை அறிவித்துவிடும்.

மற்றொன்றும் உண்டு. மாதம் 500 சதுர அடி வேலையுள்ள இரு சங்கங்கள் தனித்தனியே இயந்திரம் வைத்தால் இரண்டுக்கும் அடக்கம் ரூ. 26. இரண்டும் ஒரே இயந்திரத்தில் வேலையைச் சேர்த்தால் ரூ. 16. புதிய இயந்திரம் வாங்கத் தீர்மானம் கொண்டுவருமுன், பக்கத்துச் சங்கத்தில் இயந்திரம் இருக்கிறதா என்று விசாரிப்பது நிர்வாகக் குழுவின் கடமை.

நான் சென்ற சங்கத்தில் அந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை. மறுநாளே பதிவேடு தொடங்கப்பட்டது. அதன் முதல் வரியைத் தம் கையாலேயே எழுதுமாறு அவ்விளைஞரிடம் கூறினார் தலைவர்.