காய்ச்சல் இல்லாத காய்ச்சல் கடிதம்

‘கடும் காய்ச்சல் காரணமாக’ என்று தொடங்கும் விடுப்புக் கடிதங்களைப் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரே மாதத்தில் மூன்று கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. பொய் சொல்கிறாயா என்று வகுப்பிலேயே கடிந்துகொண்டேன். அப்பா இறந்ததிலிருந்து அவள் இரவில் தூங்குவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டத்தைப் படித்தபோது அவள் நினைவுதான் வந்தது. உடல்நலக் குறைவைப் போல மனநலக் குறைவும் விடுப்புக்கு ஏற்ற காரணமே என்கிறது அச்சட்டம்; மூன்று மாதத்தில் ஐந்து நாள் வரை எடுக்கலாம். இதற்காக வாதாடியவர்கள் பள்ளி மாணவர்களே.

இல்லினாய் மாநிலத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஐந்து நாள். மருத்துவச் சான்று வேண்டாம். விடுபட்ட பாடவேலையைப் பிறகு முடித்துத் தரலாம். பிள்ளைகள் ஏமாற்றமாட்டார்களா என்று கேட்கலாம். காய்ச்சல் என்று எழுதினால் மட்டும் ஏமாற்ற முடியாதா என்ன?

அச்சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இரண்டாவது நாள் விடுப்புக்குப் பிறகு மாணவரைப் பள்ளியின் ஆலோசனைப் பணியாளரிடம் அனுப்பலாம். விடுப்பு மட்டும் கொடுத்தால் பிள்ளை வீட்டில் தனியே கிடக்கும். பேச ஆள் வேண்டுமே.

இப்போதெல்லாம் இரண்டாவது காய்ச்சல் கடிதம் வந்தால் நான் நெற்றியைத் தொடுவதில்லை. மதிய உணவு இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து, “ராத்திரி தூங்கினாயா?” என்று கேட்கிறேன்.