பிடியரிசி

யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் வாழும் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர் தாம் வழிபடும் இடத்தைக் கோயில் என்றும், அங்கே கூடும் தம்மைச் சபை என்றும் பிரித்து வழங்குவர். இவ்வழக்கின் நுட்பம் எண்ணத்தக்கது. கோயில் இடிந்த பின்னும் சபை நிலைத்தல் கூடும். கோயில் செம்மையாய் நிற்பச் சபை தேய்தலும் கூடும். சைவனாகிய யான் இவ்விரண்டையும் அயலில் இருந்து கண்டவன்.

வலிகாமத்துக் கோயில்கள் சில மிகப் பழையன. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, ஒல்லாந்தர் கைக்கு மாறி, பின்னர்ப் பாழடைந்து கிடந்தவற்றை 1816 ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க மிசன் குரவர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழுது பார்த்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவிற் பெண்பாடசாலையும், 1841 இல் உதயதாரகைப் பத்திரிகையும் தோன்றின. 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை போன்றோர் அமெரிக்கப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் ஒருங்கே தாங்கித் தமிழ் வளர்த்தனர். 1947 இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்திற்குச் சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். இவை பலரும் அறிந்த செய்திகள். பெண்கள் அடுப்படியிலே நடத்திய தொண்டோ அத்துணை அறியப்படவில்லை.

அதுவே பிடியரிசி. உலையில் இடுமுன் இல்லாள் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு முட்டியிற் சேர்ப்பாள். குறித்த நாளில் அதனைக் கோயிலுக்குக் கொண்டு செல்வாள். அவ்வரிசி விற்ற பணம் ஊழியத்திற்கும் வறியோர்க்கும் உதவும். வேண்டுதலுக்கென ஒரு தென்னையையோ முதலீற்றுக் கோழியையோ கோயிலுக்கு நேர்ந்து விடுவாரும் உளர். அறுப்பின் பண்டிகையன்று வாழைக்குலை, பூசணி, முருங்கைக்காய், புழுக்கொடியல் ஆகியன முற்றத்திலே குவியும், ஏலம் நடைபெறும். ஒருவர் எடுத்த பொருளை மீண்டும் சபைக்கே கொடுக்க, அது மறுமுறையும் ஏலத்திற்கு வரும். சிறுவயதில் என் தந்தையார் வேலிக்கு அப்பால் நின்றே விலை கேட்பார். ஒருவரும் வேற்றுமை பாராட்டிலர்.

குறை இல்லாத சமுதாயம் என்று யான் சொல்ல வரவில்லை. சாதிப் பற்றைக் கோயில் வாயிலிலே கழற்றி வைத்து உட்புகுந்தோர் சிலரே. ஆயினும் பிடியரிசிக்குச் சாதி இல்லை. எல்லார் அரிசியும் ஒரே சாக்கிற் கலந்தது.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தோம். எம்மயற் சபையார் ஞாயிறுதோறும் ஒரு மாமரத்தின் கீழ்க் கூடினர். அங்கே ஒரு மூதாட்டி நிவாரண அரிசியிலும் ஒரு பிடி எடுத்து வைத்தார்.

"ஆச்சி, இதிலுமோ?" என்றேன்.

"இதிலேதான் தம்பி. பானை நிறைந்திருக்கையில் எடுப்பது பெரிதோ?" என்றார்.

அப்போது அவருக்குக் கோயில் இல்லை, சபை இருந்தது.

இன்று அக்கோயிலுக்குப் புதிய ஓடுகள் வேய்ந்துள்ளனர். சுவர்கள் வெண்மையாய் விளங்குகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர். அவர்தம் அன்பு போற்றத்தக்கது. ஆயினும் முன்னாளில் நிறைந்திருந்த வாங்குகளில் இப்போது முதியோர் சிலரே அமர்கின்றனர். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையை இராகம் வழுவாது எடுத்துப் பாடுவாரும் அருகினர். பெண்களும் முட்டியை மறந்து கடித உறையிலே காசு இடுகின்றனர்.

சென்ற அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணியைக் கடல் கடந்த அன்பர் ஒருவர் தொலைபேசி வாயிலாக ஏலத்தில் எடுத்தார். விலை மிகப் பெரிது. காயை எங்கே அனுப்புவது என்று எவர்க்கும் தெரியவில்லை. ஈற்றில் அது வேலிக்கு மேலாக எம் வீட்டுக்கு வந்து எம்மடுப்பிலே வெந்தது.

உண்ணும்போது யான் எண்ணியது இதுவே: பணம் சுவரைக் காக்கும். சபையைக் காக்கப் பிள்ளைகள் வேண்டும். கடல் கடந்தோர் தம் மக்களை ஒருமுறையேனும் அப்பண்டிகைக்கு அழைத்து வந்து, அம்முற்றத்தில் நிறுத்தி, பாட்டியர் கைப்பிடியின் அளவு யாதெனக் காட்டுவாராக. ஊரிலுள்ளோரும் அம்முட்டியை மீண்டும் அடுப்பருகே வைப்பாராக.